மற்ற ஆள் இல்லாமல் கதைக்கமாட்டா

பேர் சொல்லமாட்டன். ஒரு நீதிபதிட பேரைப் போட்டுக் கண்டதையும் எழுதி, கடைசியில அதுவே நீதிமன்ற அவமதிப்பாகி, நான் போய்க் கூட்டில நிண்டனெண்டால், விசாரிக்க அவவைப் போல ஒரு ஆள் அங்க இருப்பா எண்டு என்ன நிச்சயம்? அதனால நீதிபதி அம்மா எண்டே சொல்லிக்கொண்டு போறன். புளியந்தீவு ஓட்டோக்காரனுகள் அவவுக்கு வேற பேர் வைச்சிருந்தானுகள். "மற்ற ஆள் அம்மா." ஆர் வந்து என்னத்தைச் சொன்னாலும் அவட வாயில வாறது ஒரே கேள்விதான். "சரி. மற்ற ஆள் என்ன சொல்கிறார்?"

ஆள் கட்டை. மேசைக்கு மேல கழுத்தும் கண்ணாடியும்தான் தெரியும். எந்த ஊர் எண்டு ஆருக்கும் தெரியா, பேச்சில மட்டக்களப்பு இல்ல. ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்து வரைக்கும் முழுசாச் சொல்லி முடிப்பா. நாங்க பாதிச் சொல்லை விழுங்கிற சனம். எங்களுக்கு அதைக் கேக்கிறதே களைப்பு.

சாட்சிக்கூட்டில ஆரும் மெதுவாக் கதைச்சா ஃபேனை நிப்பாட்டச் சொல்லுவா. சித்திரை வெக்கையிலயும்தான். கறுப்புக் கோட்டுக்குள்ள சட்டத்தரணிமார் அவிஞ்சு போவாங்க. ஒருநாள் ஒரு வயசான சட்டத்தரணி எழும்பி, "அம்மா, எங்கள்லயும் கொஞ்சம் இரக்கம் வைக்கவேணும்" எண்டார். அவ அவரைப் பாத்து, "நீங்கள் பேசும்போது விசிறி போடலாம். உங்கள் குரல் எப்படியும் கேட்கும்" எண்டா. சிரிக்கல்ல. அவ சிரிச்சதை நான் கண்டதே இல்ல.

அவவைப் பற்றிக் கதை கனக்க உலாவிச்சு. வீட்டில தயிர் புளிச்சாத் தயிர்க்காரனைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாவாம். காகம் மீனைத் தூக்கினாலும் காகம்தான் எண்டு கண்டது ஆர் எண்டு கேப்பாவாம். இதெல்லாம் ஓட்டோக்காரனுகளிட பேய்க்கதை. நான் கண்ணால கண்டதை மட்டும் சொல்றன்.

நான் அவட நீதிமன்றத்துக்கு முன்னால இருந்த வாங்கிலில கனகாலம் குந்தியிருந்தவன். எனக்கு வேலை தண்ணி பம்பு, லேண்ட்மாஸ்டர் எண்ட உழவு மிசின் திருத்துறது. எங்கட பக்கத்தில கல்யாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பெண்ணிட வீட்டுக்குப் போறது. வீடு அவட சீதனம். அதனால குடும்பம் குழம்பினா ஆர் வெளியால போறது எண்டதில மட்டும் சண்டையே வராது. வெல்லாவெளிப் பக்கமிருந்த வீட்டில இருந்து நான் ரெண்டு சாரனையும் ஸ்பனர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு டவுணில அக்காட வீட்டு விறாந்தைக்கு வந்தன். விவாகரத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்திச்சு. அது முடியுமட்டும் மகள் தாயோட இருக்கவேணும், சனிக்கிழமை காலையில வாவிக்கரைப் பூங்காவில தகப்பனிட்டக் குடுக்கவேணும், பின்னேரம் தகப்பன் திருப்பிக் குடுக்கவேணும். அது நீதிபதி அம்மா போட்ட கட்டளை.

மகளுக்கு ஏழு வயசு. கிழமையில எனக்கு ஒரு நாள்தான் இருந்திச்சு, மிச்ச நாளெல்லாம் சும்மா நாள்.

அப்படி இருக்க, பிள்ளைட தாய் ஒரு சனிக்கிழமை வரல்ல. அடுத்த சனியும் வரல்ல. போன் அடிச்சா அவட அண்ணன் எடுத்து, "அவ இப்ப கதைக்கமாட்டா" எண்டு வைச்சிட்டான். வீட்டுக்குப் போகேலா. முந்தி ஒருக்காப் வாசல் படலையில நிண்டு சத்தம் போட்டதுக்கு அந்த அண்ணன் பொலிசில முறைப்பாடு போட்டு வைச்சிருக்கான். மூண்டாவது சனி. நாலாவது சனி. கச்சான்கடலை விக்கிறவன் கூட என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிப் போட்டுப் போகத் தொடங்கினான். எனக்கு விசர் பிடிக்காத குறை.

சட்டத்தரணியிட்டப் போனன். இளந்தாரி, அவசரக்காரன். "நீதிமன்ற அவமதிப்பு, அண்ணன். உள்ள போடலாம்" எண்டான். எனக்கு அந்தச் சொல்லைக் கேக்க நெஞ்சு குளிர்ந்திச்சு. அவ உள்ள போகவேணும், கம்பியப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும், நான் வெளியால நிண்டு பாக்கவேணும். அந்தக் கிழமை முழுக்க இதை நினைச்சு நினைச்சுத்தான் சோறு இறங்கிச்சு.

வழக்குக் கூப்பிடுறதுக்கு முந்தி வாங்கிலில இருந்தம். அப்ப ஒரு போன் விசயம் நடந்திச்சு. பின் வரிசையில ஒரு தோணிக்காரர். சட்டைப்பைக்குள்ள போன் அலறுது, அதுவும் குத்துப்பாட்டு. பொலிஸ்காரன் பாஞ்சு பிடிச்சு அவரை முன்னால கொண்டு வந்தான். அவமதிப்பு எண்டு நாலு பேர் முணுமுணுத்தாங்க. சில இடங்களில இதுக்குப் பின்னேரம் வரைக்கும் கூட்டுக்குள்ள இருக்கவேணும்.

"உங்கள் போன் ஒலித்தது. அதனால் விசாரணை நின்றது. இதுதான் உங்கள் மேல் உள்ள குறை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" எண்டு கேட்டா.

தோணிக்காரர் போனை ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு நிண்டார். "மகள் ஆசுபத்திரியில, அம்மா. பிள்ளப்பேறு. மருமகன்தான் எடுக்கிறான்."

"அப்போ அதை வெளியில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். வந்த பிறகு மிச்சத்தைப் பார்ப்போம்."

மனிசன் ஓடினார். திரும்பி வந்து கூட்டுக்குப் பக்கத்தில நிண்டு, "பொடியன், அம்மா" எண்டார். ஆரோ கை தட்டினாங்க.

"நல்லது," எண்டா. "இப்போது போன் விடயத்துக்கு வருவோம்."

வந்தா. அவரை எச்சரிச்சு, இனி அணைச்சு வைக்கச் சொல்லி அனுப்பினா. அதைப் பாத்துச் சிரிச்ச ஆக்களில நானும் ஒருவன். என்ர வழக்கும் இந்த ஆளிட்டத்தான் போகப்போகுது எண்ட நினைப்பு அப்ப வரல்ல.

எங்கட வழக்கைக் கூப்பிட்டாங்க. என்ர சட்டத்தரணி எழும்பி, எதிராளி தொடர்ந்து மன்றின் கட்டளையை மீறி வாறா, பிடியாணை வேணும் எண்டு கேட்டார்.

"எந்தச் சனிக்கிழமை?"

"எல்லாச் சனிக்கிழமையும், அம்மா."

"எல்லா என்று ஒரு சனிக்கிழமை கலண்டரில் இல்லை. எந்த நாள், எந்த இடம், எதைச் செய்யவில்லை என்று எழுதித் தாருங்கள். அவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பிடியாணை இல்லை. அழைப்பாணை."

அவ்வளவுதான். வெளிய வந்து சட்டத்தரணியப் பிடிச்சுக் கத்தினன். பிள்ளைய மறைச்சு வைச்சவளுக்கு என்ன நாள், என்ன நட்சத்திரம்? அவன், "இவவிட்ட இப்படித்தான் அண்ணன்" எண்டு கோட்டைக் கழட்டி உதறினான். திருத்தி எழுதிக் குடுத்தம். அழைப்பாணை போச்சு. திரும்பி வந்திச்சு. அழைப்பாணை குடுக்கிற பிஸ்கல் உத்தியோகத்தர் போன நேரம் அவ வீட்டில இல்லையாம், அண்ணன் கையில குடுத்திருக்கார். "அண்ணன் மேல் குற்றம் இல்லையே. தாயின் கையில் கொடுங்கள்" எண்டு நீதிபதி அம்மா மறுபடி அனுப்பினா. அதுக்குள்ள இன்னும் சனிகள் போச்சு. நானும் ஒவ்வொரு சனியும் பூங்காவுக்குப் போனன், மொக்கன் மாதிரி.

ஒரு திங்கட்கிழமை பிள்ளைட தாய் வந்தா. சட்டத்தரணி இல்ல. சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு தனிய நிண்டா. குற்றப்பத்திரத்தை வாசிச்சாங்க, நாலு சனிக்கிழமை, நாலு திகதி. விளங்கினதா எண்டு கேட்டாங்க.

"ஓம்."

குற்றத்தை ஒத்துக்கொள்றீங்களா?

"ஓம்."

என்ர சட்டத்தரணி என்ர தொடையில தட்டினான். முடிஞ்சுது வேலை. எனக்கு வாயெல்லாம் பல்லு.

நீதிபதி அம்மா பேனையைக் கீழ வைச்சா. "நீங்கள் இந்த நீதிமன்றத்தின் தலைவரா?" எண்டு அவளைக் கேட்டா.

"ஓம்" எண்டாள்.

எங்கட சனம் இதுதான். கச்சேரிக் கந்தோரில, ஆசுபத்திரியில, கோர்ட்டில பெரிய ஆக்கள் வாய் துறந்தா நாங்க ஓம் எண்டிருவம். கேட்டது விளங்கினதோ இல்லையோ, ஓம் எண்டு சொன்னாக் கெதியா வீட்ட போகலாம். எங்கட அக்கா இப்படி ஓம் சொல்லித்தான் தேவையில்லாத ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு திரியிறா.

"இந்த ஓம் எனக்குக் காணாது" எண்டா நீதிபதி அம்மா. "இந்தக் குற்றச்சாட்டில் உங்களைச் சிறைக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் நீங்கள் அவசரப்பட வேண்டாம். சட்ட உதவி மேல்மாடியில். இன்றைக்கே போங்கள்." மறுகா என்ர சட்டத்தரணியப் பாத்து, "சனிக்கிழமைக்கு முன் முடிக்க வேண்டும். வெள்ளி விசாரணை" எண்டா. சட்டத்தரணி எழும்பி, அதுக்குப் பிறகும் பிள்ளையக் கொண்டு வரல்ல எண்டு தொடங்கினான். "அது இந்தத் தாளில் இல்லை. தாளில் இல்லாததைப் பற்றி அவர் தயாராக வரமாட்டார்" எண்டு இருத்திப் போட்டா.

நான் வெளியில வந்து சொன்ன வார்த்தைகளை இதில எழுதேலா. நான் அப்பதான் நினைச்சன், இந்த மனிசிக்குப் பிள்ளகுட்டி இல்லப்போல எண்டு. இருந்திச்சோ இல்லையோ, எனக்கு இண்டைக்கும் தெரியா.

வெள்ளிக்கிழமை முதல் என்னைத்தான் கூட்டில ஏத்தினாங்க. "கொண்டு வராதது அவ. நான் என்னத்துக்கு அம்மா நிரூபிக்கிற?" எண்டு கேட்டன். "குற்றம் சொன்னது நீங்கள்" எண்டா. சொன்னன். நாலு சனியும் இருந்த வாங்கில், பாத்த வழி, ஒண்டும் விடல்ல. என்ர குரலுக்கு ஃபேன் ஓடிச்சு.

பிறகு பிள்ளைட தாய் ஏறினா. ஃபேன் நிண்டுது. அவட சட்டத்தரணி, சட்ட உதவியில இருந்து வந்த ஒரு தங்கச்சி, என்ன நடந்தது எண்டு கேட்டா.

"முதல் சனிக்கு முந்தின நாள் பிள்ளைக்கு அம்மாள் வந்திட்டா."

அம்மாள் எண்டா உடம்பெல்லாம் கொப்புளம் போடுற வருத்தம்தான், ஆனா எங்கட ஊரில அதை வருத்தம் எண்டு சொல்றல்ல. அம்மன் வீட்டுக்கு வந்திருக்கா. வேப்பிலை கட்டுவம். டொக்டரிட்டக் காட்டமாட்டம். மூண்டு தரம் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணி வார்த்து முடியுமட்டும் பிள்ள படலை தாண்டாது. எல்லாத்திலயும் மோசமானது, வெளியால சொல்லி அனுப்புறல்ல. அறிஞ்சவங்க தானா வரவேணும்.

என்ர பிள்ளைக்கு அம்மாள். நான் பூங்காவில இருந்து கச்சான் திண்டிருக்கன்.

என்ர சட்டத்தரணி பாஞ்சான். "வைத்தியச் சான்றிதழ் இருக்கா?"

"அம்மாளுக்கு ஆர் ஐயா சேர்ட்டிபிக்கட் குடுக்கிற?" எண்டாள். அவன் தொடர்ந்து, சான்றிதழ் இல்லாத வருத்தத்தை மன்று ஏற்கேலா எண்டான். நீதிபதி அம்மா, "சான்றிதழ் இல்லை என்றால் சாட்சி இருக்கலாம். மற்ற ஆள் சாட்சி கூப்பிடுகிறாரா?" எண்டா.

கூப்பிட்டாங்க. அவங்கட ஊர் அம்மன் கோயில் கட்டாடியார். பூசை செய்யிறவர், தண்ணி வார்த்ததும் அவர்தான். வேட்டியும் சால்வையுமா வந்து ஏறினார். சத்தியம் செய்யச் சொன்னாங்க. மனிசன் குழம்பிப் போனார். அந்தப் பக்கத்தில களவு, பொய் எண்டா ஊரே வந்து அவருக்கு முன்னாலதான் சத்தியம் பண்றது. "நானே செய்யவா?" எண்டு கேட்டார். "நீங்களும்தான்" எண்டா நீதிபதி அம்மா. செய்தார். அம்மாள் எண்டைக்கு வந்தா, எண்டைக்குப் போனா எண்டு கேட்டாங்க. மூண்டாந் தண்ணி வார்த்தது வெள்ளிக்கிழமை, நாலாவது சனிக்கு முந்தின நாள் எண்டு நேராச் சொன்னார். அவளுக்கு உதவ எண்டு ஒரு நாளைக் கூட்டிச் சொல்லல்ல.

மறுபடி பிள்ளைட தாய். நீதிபதி அம்மாவே கேட்டா. "அப்போ நாலாவது சனிக்கிழமை பிள்ளைக்குச் சுகம். ஏன் கொண்டு வரவில்லை?"

அந்தத் தங்கச்சி சட்டத்தரணி கண்ணால என்னத்தையோ காட்டினா. பிள்ளைட தாய் பாக்கல்ல.

"கோவம், அம்மா. ரோட்டால லேண்ட்மாஸ்டர் போற சத்தம் கேட்டா பிள்ள எழும்பி அப்பா வாறார் எண்டும். காய்ச்சலோட எழும்பும். எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு, இவர் மட்டும் வரல்ல. தகப்பனுக்குத் தானாத் தெரியவேணாமா? எனக்குக் கோவம். கொண்டு வந்திருக்கலாம். கொண்டு வரல்ல."

அவ அழல்ல. நான்தான் அழுதன், பின் வாங்கிலில, லேஞ்சியால மூக்கைத் துடைச்சுக்கொண்டு. இவ்வளவு நாளும் அவ பிள்ளைய ஒளிச்சு வைச்சிருக்கா எண்டு நான் எரிஞ்சன். நான் பிள்ளைய எட்டிப் பாக்கல்ல எண்டு அவ எரிஞ்சிருக்கா.

நீதிபதி அம்மா கன நேரம் எழுதினா. வாசிச்சா. முதல் மூண்டு சனிக்கும் தக்க காரணம் இருக்கு, அதில குற்றம் இல்ல. நாலாவது சனிக்கு அவட வாயாலேயே குற்றம். மறுகா பேனையை வைச்சிட்டு, "தண்டனை சொல்வதற்கு முன், நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" எண்டு கேட்டா.

"என்னை உள்ள போட்டாப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கு விட ஆள் இல்ல. மற்றப்படி நீங்க சொல்றதுதான்."

நான் எழும்பிட்டன். "அம்மா, வேணாம் அம்மா, நான் வழக்கை..."

"உட்காருங்கள்."

"நான் வாபஸ் வாங்கிறன் அம்மா!"

"உங்கள் முறை வரும். இப்போது அவர் பேசுகிறார். உட்காருங்கள்."

இருந்தன். இத்தனை நாள் இவளை உள்ள போடு, உள்ள போடு எண்டு நிண்டவன், போட்டிருவாவோ எண்டு பயந்துகொண்டு இருந்தன். நீதிபதி அம்மா ஒண்டுக்கும் அவசரப்படல்ல. பிள்ளைட தாய் சொன்னதை எழுதினா. தங்கச்சி சட்டத்தரணி சொன்னதை எழுதினா. என்ர சட்டத்தரணி சொன்னதையும் எழுதினா. மறுகா என்னைப் பாத்து, "இப்போது நீங்கள்" எண்டா.

சொல்ல எவ்வளவோ வைச்சிருந்தன். வாயில வந்தது, "பிள்ளைய ஒருக்காப் பாக்கவேணும், அம்மா" எண்டதுதான்.

அதையும் எழுதினா. கடும் எச்சரிக்கை, சிறை இல்ல. இனியும் நடந்தா இந்தத் தாளும் அந்த வழக்கில வைக்கப்படும். நாளைக்குச் சனி, பிள்ள பூங்காவுக்கு வரவேணும். விட்டுப்போன சனிகளுக்குப் பதிலா ஞாயிறுகள். "அடுத்த வழக்கு" எண்டா. ஃபேனைப் போட்டாங்க.

மகள் வந்தா. நெத்தியில ரெண்டு தழும்பு, முன் பல் ஒண்டு இல்ல. வந்ததும் வராததுமா, "ஏன் அப்பா வரல்ல?" எண்டு கேட்டா. "தெரியாது மகள்" எண்டன். "எல்லாருக்கும் தெரியும்" எண்டா. அவவோட வாதாடேலா. பிறகு சனிகள் ஒழுங்கா நடந்திச்சு. தாய் கொண்டு வந்து விடுவா, என்ர முகத்தைப் பாக்காம பஸ்சுக்குப் போவா. நானும் வாவியைப் பாத்துக்கொண்டு நிப்பன்.

அப்படி ஒரு சனி காலமை, தாய் பிள்ளைய விட்டிட்டுக் கிறுகி நடக்கத் தொடங்கின நேரம், பாத்தா நீதிபதி அம்மா. வாவிக்கரையால நடை போறா. பருத்திச் சீலை, காலில ஓடுற சப்பாத்து, பின்னால ஒரு பொலிஸ்காரன். எனக்குக் கால் நிக்கல்ல. ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டன்.

"அம்மா, நான் உங்களுக்கு..."

"நில்லுங்கள்" எண்டா. ஒரு அடி பின்னால வைச்சா. "உங்கள் விவாகரத்து வழக்கு இன்னும் என் முன்னால் இருக்கிறது. மற்ற ஆள் இல்லாமல் நான் உங்களோடு பேச முடியாது."

"நன்றி சொல்லத்தான் அம்மா."

"நன்றியும்தான்."

எனக்கு விட மனமில்ல. கிறுகிப் பாத்தன். தாய் பூங்கா வாசலுக்குக் கிட்டப் போயிட்டா. "இஞ்ச வாகா ஒருக்கா!" எண்டு கத்திட்டன். வருசக்கணக்குக்குப் பிறகு அவளை நான் கூப்பிட்டது அண்டைக்குத்தான். திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னமோ ஏதோ எண்டு செருப்பு அடிக்க ஓடி வந்தாள்.

"இந்தா அம்மா, மற்ற ஆளும் வந்திட்டா" எண்டன்.

நீதிபதி அம்மா என்னைப் பாத்தா, அவளைப் பாத்தா, நடுவில நிண்ட மகளைப் பாத்தா. "இரண்டு பேரும் வந்தாலும் இது நீதிமன்றம் இல்லை" எண்டிட்டு நடந்தா. பொலிஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால போனான். அவவை நான் கடைசியாக் கண்டது அதுதான். கொஞ்ச நாளில இடம் மாறிப் போயிட்டா. வேற நீதிபதி வந்து எங்கட விவாகரத்தைத் தீர்த்தார்.

நாங்க ரெண்டு பேரும் அந்த இடத்திலயே நிண்டம். கூப்பிட்ட காரியம் போயிட்டு. கதைக்கச் சட்டத்தரணியும் இல்ல.

"என்னத்துக்குக் கூப்பிட்டீங்க?" எண்டாள்.

"நீ இல்லாம அவ கதைக்கமாட்டாவாம்."

அவள் போற அந்தக் கட்டை உருவத்தைப் பாத்தாள். பஸ்சுக்கு நேரமாகுது. போகல்ல. செருப்பால மண்ணைக் கிண்டினாள்.

"நேற்று இவளுக்கு உடம்பு லேசாச் சுட்டிச்சு," எண்டாள். "விடிய இல்ல. பனடோல் குடுத்தன். சொல்லவேணும் எண்டு பஸ்சில நினைச்சுக்கொண்டே வந்தன், சொல்லாமப் போகப் பாத்தன்."

நான் குனிஞ்சு மகளிட நெத்தியில கை வைச்சுப் பாத்தன். சூடு இல்ல. எண்டாலும் கையை எடுக்கல்ல. தாயும் பக்கத்தில குந்தி, கழுத்தடியில கை வைச்சுப் பாத்தாள்.